பழைய புல்லட் எஞ்சினைப் பிரித்துக் கோப்பது

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தபின் சென்னையில் உருவான புல்லட் 350-இன் வார்ப்பிரும்பு எஞ்சினை வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துக் கோக்கலாம். ஒரே சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, கொள்ளளவு 346 சி.சி.

ஹெட்டைக் கழற்றியதும் கரியைச் சுரண்டி, வால்வுகளைப் பேஸ்ட் தடவித் தேய்த்து, இருக்கையில் சீராகப் படிய வைக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் வீட்டு வேலை அங்கே நிற்கும். சிலிண்டரைப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும். அளவு கூடிய பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பப் போரிங் செய்வதே சரி. கிராங்கைப் பிரிப்பதும் பட்டறை வேலைதான். வளைவு நீக்கிச் சமன்படுத்தாத கிராங்க், புதிய பேரிங்குகளையும் விரைவில் கெடுத்துவிடும்.

கோக்கும்போது அவசரமே கூடாது. ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையக் கூடாது. டைமிங் பற்சக்கரங்களின் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு வாட்டத்தில், சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், வால்வு மூடிய நிலையில், புஷ் ராடு விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ.

முதல் உதைக்குமுன் எண்ணெய்ப் பாதைகளை நிரப்புவது கட்டாயம். ஓடத் தொடங்கியதும் ராக்கர் குழாய் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். முதல் சில நூறு கி.மீ. மிதவேகத்தில் ஓட்டி, எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.