பழைய சி.என்.சி. இயந்திரம் வாங்குமுன்

நமது அங்கத்தினர்களின் பிள்ளைகளில் சிலர், வீட்டை அடுத்த கொட்டகையில் தறி உதிரிப் பாகங்களும் பம்பு உறுப்புகளும் செய்து வருகின்றனர். கணினியின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தைப் பழைய சரக்காக வாங்கிப் புதுப்பிக்க அவர்கள் கடன் கேட்பதுண்டு. பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அறிய வேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

நெசவாளருக்கு இவ்வியந்திரம் புதிரன்று. எந்தப் பாவு நூல் எழ வேண்டுமென்று ஜக்கார்டுப் பெட்டியின் துளையிட்ட அட்டை கட்டளையிடுகிறதல்லவா? 1952-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்ட இத்தகைய முதல் இயந்திரமும் துளையிட்ட நாடாவைக் கொண்டே இயங்கியது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பெற்றது. ஆகவே இதில் இரு பகுதிகள் உண்டு: ஒன்று இரும்பு உடல், மற்றொன்று மின்னணு மூளை. மூளை விரைவில் பழையதாகும். ஆனால் அதை மாற்றிவிடலாம். உடலோ, எண்ணெய் குறையாமல் பேணினால் பல்லாண்டு உழைக்கும். தேய்ந்துவிட்டால் சீராக்குவது பெருஞ்செலவு.

சங்கமொன்றைத் தணிக்கை செய்தபோது இவ்வுண்மையை நேரில் கண்டேன். ஓர் அங்கத்தினரின் மகன், பழைய இயந்திரத்தின் பளபளப்பான வர்ணத்தைக் கண்டு வாங்கி, எஞ்சிய கடன் தொகை முழுவதையும் புதிய கணினிக் கட்டுப்பாட்டிற்குச் செலவிட்டிருந்தார். இயந்திரம் ஓடிற்று; ஆனால் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று அளவு ஒக்கவில்லை. சறுக்குப் பாதைகள் தேய்ந்திருந்தன. தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. ஆட்டங்கண்ட தறிக்குப் புதிய ஜக்கார்டுப் பெட்டி பூட்டினால் நெசவு சீராகுமா?

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று:

1. டயல் கேஜின் முள் மேசையைத் தொடுமாறு பொருத்தி, மேசையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, அதே அளவு திருப்புக. முள் பழைய இடத்திற்கு வராத குறையே திருகின் 'பிளே'. சிறு குறையைக் கணினி ஒருவாறு ஈடுசெய்யும்.

2. மேசையை நடுவிலும் இரு கோடிகளிலும் நகர்த்திப் பார்க்க. நடுவில் தளர்ந்தும் கோடிகளில் இறுகியும் இருந்தால் பாதை தேய்ந்தது. இதைக் கணினியால் ஈடுசெய்ய இயலாது.

3. ஸ்பிண்டிலை அரைமணி நேரம் ஓட விடுக. இரைச்சலும் மிகுந்த சூடும் பேரிங் கெட்டதற்கு அடையாளம்.

உடல் நன்றாயிருப்பின் புதுப்பிக்கலாம். மோட்டார்கள் நன்றாயிருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை மட்டும் மாற்றுவது சிக்கனம். லினக்ஸ் சி.என்.சி. என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. சாதாரணக் கணினியிலும் இயங்கும். அவசர நிறுத்தப் பொத்தான் கணினியை நம்பியிராது, மின்சாரத்தை நேரே துண்டிப்பதாக அமைய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பழைய பெட்டியின் கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தேர்ந்த எலக்ட்ரீஷியனன்றிப் பிறர் தொடலாகாது.

இறுதியாகக் கணக்கு. இயந்திர விலையோடு, கிரேன், லாரி வாடகை, காங்கிரீட் தளம், மும்முனை மின் இணைப்பு, புதிய கட்டுப்பாடு, வெட்டும் கருவிகள் ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கையிலுள்ள ஆர்டர்களின் வருவாய் தவணைக்குப் போதுமா என்று பாருங்கள். போதாதெனில் பொறுத்திருப்பதே இலாபம். ஆழந்தெரியாமல் காலை விடலாகாது. கடனிலோ, காலை விடுபவர் ஒருவராயினும் நனைவது குடும்பம் முழுவதுமே.