இரத்தத்தில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

"ஊசி போட ஆரம்பிச்சா அதோட கதை முடிஞ்சிடும்டா." தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டிய என் பாட்டி, இன்சுலினை மறுத்துச் சொன்னது இது. அறிவியல் படிக்கும் எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. தேர்வுக்காக மனனம் செய்த பாடம் பாட்டியிடம் எடுபடுமா? அந்தப் பதிலைத்தான் இங்கு எழுத முயல்கிறேன்.

உமிழ்நீர், வியர்வைச் சுரப்பிகளுக்கு நாளம் உண்டு. தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி ஆகியவற்றுக்கு அது இல்லை. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அதுவே ஹார்மோன். 1905ஆம் ஆண்டு ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இப்பெயரை வழங்கினார். இரத்தத்தோடு உடலெங்கும் சென்றாலும், தனக்குரிய ஏற்பிகளைக் கொண்ட செல்களில் மட்டுமே ஒரு ஹார்மோன் வேலை செய்யும். கணையம் இரட்டை வேலைக்காரன். செரிமான நீரை நாளம் வழியாகக் குடலுக்கு அனுப்பும். இன்சுலினையும் குளுக்ககோனையும் இரத்தத்தில் விடும்.

நலமுள்ள ஒருவரின் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில், வெறும் வயிற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் தெரியுமா, நண்பர்களே? 4 அல்லது 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி! நம் ஊர்ப் பாவ் ஒன்றும் தே தாரேக் ஒன்றும் உள்ளே போனால் அதைப்போல் பல மடங்கு வந்து சேரும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகள் சர்க்கரையை உள்வாங்குகின்றன; கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாக்கிச் சேமிக்கிறது. சர்க்கரை இறங்கியதும் இன்சுலின் சுரப்பும் தானே குறைகிறது.

பாட்டி விடியற்காலையில் பசியாறாமல் வரக்காப்பியோடு வேலைக்குப் போனவர். மயங்கி விழாமல் மரம் மரமாக நடந்தது எப்படி? குளுக்ககோன் கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிட்டது. அட்ரினல் சுரப்பியின் கார்டிசோலும் கைகொடுத்தது. தோட்டம் செம்பனைக்கு மாறி, பாட்டி டவுனுக்கு வந்தபின் அந்த நடை நின்றது. வரக்காப்பியின் இடத்தில் டின்பால் தேநீர் வந்தது.

இரண்டாம் வகை நீரிழிவில் செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 26.4 விழுக்காடு. பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது நமக்கு வசதியாகிவிட்டது.

1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. நம் பல்கலைக்கழகம் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதற்குமுன் முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. பாட்டி அஞ்சிய ஊசி, உயிரைக் காக்க வந்த ஊசி.

"உங்க கணையம் பல வருஷம் ஓவர்டைம் செஞ்சிருச்சு, பாட்டி. இப்ப அங்க ஆள் பத்தல. வெளியிலிருந்து கொஞ்சம் ஆள் எடுக்கிறோம், அவ்வளவுதான்" என்றேன்.

"கண்ட்ராக்ட்டு ஆளா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் கிளினிக் மிஸ்ஸியிடம் ஊசி போடப் பழகிக்கொண்டார். ஊசி போட்டுவிட்டுப் பசியாறாமல் இருந்தால் சர்க்கரை அளவுக்குமீறி இறங்கி மயக்கம் வரும் என்று மிஸ்ஸி எச்சரித்திருக்கிறார். வெறும் வயிற்றோடு நாளைத் தொடங்கிப் பழகியவரை மேசையில் உட்காரவைப்பதுதான் இப்போது வீட்டில் எங்கள் வேலை.