சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

“பேசறது கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் புரியமாட்டேங்குது.” பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை பக்கம் விசைத்தறி ஓட்டி ஓய்ந்தவர்களிடம் காதைப் பற்றி விசாரித்தால் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு கவலை: அப்பாவுக்கு எந்த மிஷின் வாங்குவது? கல்யாண மண்டபத்தில் இலவசச் செவித்திறன் பரிசோதனை முகாம் என்று விளம்பரம் வருகிறது. 16 சேனல், 24 சேனல், செயற்கை நுண்ணறிவு, செல்போன் இணைப்பு, இன்று மட்டும் பாதி விலை. இதில் எதை நம்புவது?

அந்தப் பெரியவர் சொன்னதை நம்புங்கள். எந்த விளம்பரத்தையும்விட அவர் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். தறிக்கூடத்தின் இரைச்சல் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பே அந்த 90தான். வீட்டோடு ஒட்டிய சிறு கூடங்களுக்கு அந்த விதிகளும் பெரும்பாலும் எட்டுவதில்லை. இப்படிப் பல ஆண்டு இரைச்சலில் நின்ற காது, எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் மந்தமாகாது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்சச் சுருதிதான் முதலில் பறிபோகும். செவித்திறன் சோதனையில் கிடைக்கும் ஆடியோகிராம் வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் உரக்க ஒலிப்பவை. பொருளைப் பிரித்துக் காட்டும் வல்லின மெய்களில் பல, மெல்லிய ஒலியாக மேல் சுருதியில் வந்து போகின்றன. பட்டு, கட்டு, தட்டு என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலெழுத்தின் அந்தச் சிறு வெடிப்பைக் கழித்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான். பேத்தியின் கீச்சுக்குரல் அவருக்கு எட்டாததும், லாரி ஹாரன் நன்றாகவே எட்டுவதும் இதனால்தான்.

இன்னொரு புகாரும் உண்டு. மெதுவாகப் பேசினால் கேட்பதில்லை; சற்று உரக்கப் பேசினால் “ஏன் கத்தறே?” என்று கோபப்படுகிறார். வீட்டில் இதை வயோதிக முரண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது உட்காதில் உள்ள காக்ளியா என்ற உறுப்புக்குள் நடக்கும் அருமையான ஓர் ஏற்பாடு கெட்டுப்போனதன் அடையாளம்.

மனிதக் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலிக்கும் அது தாங்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் ஆற்றலில் ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். நரம்பால் அவ்வளவு பெரிய வீச்சைத் தாங்க முடியாது. அதைச் சுருக்கிக் கொடுப்பவை காக்ளியாவில் உள்ள வெளி மயிர்ச் செல்கள். ஒவ்வொரு காதிலும் சுமார் 12,000 உண்டு. மெல்லிய ஒலி வரும்போது இந்தச் செல்கள் அதே தாளத்தில் நீண்டு சுருங்கி, அலையை உந்திப் பெரிதாக்குகின்றன. உரத்த ஒலி வந்தால் உந்துவதில்லை. செல்லே உடலை நீட்டிச் சுருக்குகிறது என்பதை 1985இல் வில்லியம் பிரௌனெல் சோதனைச்சாலையில் காட்டினார். அதற்கு முன்பே, 1978இல், டேவிட் கெம்ப் காதிலிருந்து ஒலி வெளியே வருவதையும் மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார். பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க இன்று அந்த ஒலியைத்தான் தேடுகிறார்கள். கேட்பதற்காக அமைந்த உறுப்பு தானும் ஒலி எழுப்புகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி.

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் அந்தக் கால்வாய்கள் நெடுகிலும் மதகுகள். காக்ளியாவும் அப்படியொரு கால்வாய்தான். தலைமடையில் உச்சச் சுருதி, கடைமடையில் தாழ்ந்த சுருதி. எந்த அலையும் தலைமடையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளி மயிர்ச் செல் என்பது மதகடியில் நின்று தண்ணீரை ஒழுங்குபடுத்தும் பணியாளரான லஸ்கர். தண்ணீர் குறைவாக வந்தால் ஏற்றிவிடுவார், வெள்ளம் வந்தால் சும்மா இருப்பார். வயலுக்குப் போவது ஏறக்குறைய ஒரே அளவு. தலைமடை லஸ்கர்கள் போய்விட்டால்? சிறு தண்ணீர் அங்கே வயலுக்கு ஏறாது. வெள்ளம் மட்டும் மதகின் மேல் வழிந்து முழுசாக உள்ளே பாயும். மெல்லிய குரல் கேட்காததும் உரத்த குரல் எரிச்சலூட்டுவதும் இப்படித்தான் ஒரே காதில் நிகழ்கின்றன.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிக் கருவி என்ன செய்கிறது? தலைமடை காய்கிறது என்பதற்காக அணையையே கூடுதலாகத் திறந்துவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக இருக்கும் கடைமடை மூழ்குகிறது. பாத்திரம் விழுந்தால் தலை அதிர்கிறது. ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. மீதிச் செவித்திறனையும் அது கெடுக்கலாம்.

நல்ல டிஜிட்டல் கருவி, போன லஸ்கர்களுக்குப் பதிலாக ஆள் போடுகிறது. ஒலியைச் சுருதி வாரியாகப் பிரித்து, கெட்டுப்போன பகுதியில் மட்டும், மெல்லிய ஒலிக்கு அதிகமும் உரத்த ஒலிக்குக் குறைவுமாக ஏற்றுகிறது. உதாரணமாக, 50 டெசிபலில் வரும் பேச்சுக்கு 25 டெசிபல் கூட்டினால், 80 டெசிபல் கூச்சலுக்கு 10 மட்டும் கூட்டும். சேனல் என்று விற்கப்படுவது இப்படிப் பிரித்த சுருதிப் பாகங்களின் எண்ணிக்கையே. புதிதாகப் போட்ட லஸ்கர்கள் எத்தனை பேர் என்பதைவிட, எந்த மதகை எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு சரியா என்பதுதான் முக்கியம். ஆடியோகிராமை வைத்து, செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் அந்த உத்தரவை எழுதுகிறார். அதைச் சரியாக எழுதாவிட்டால் 48 சேனலும் வீண்.

வயலே பாழ்பட்டிருந்தால் மதகு எப்படி இருந்தும் பயனில்லை. ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள் மயிர்ச் செல்களும் அந்த நரம்பும் தேய்ந்துபோனவருக்கு, போதிய உரப்பில் சொன்னாலும் வார்த்தை பிடிபடாது. அதனால்தான் ‘பீப்’ ஒலியோடு நிறுத்தாமல், தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையும் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விலைப்பட்டியலை நீட்டும் முகாமிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கருவியின் வரலாறு இங்கே சுருக்கமாகப் போதும். டிரான்சிஸ்டர் கடைச்சரக்கானது 1952இன் இறுதியில், ஒரு காது மிஷினில்தான். வானொலி பிறகுதான் வந்தது. முழு டிஜிட்டல் கருவிகள் 1996இல் சந்தைக்கு வந்தன.

கருவி இருக்கட்டும், செத்த மயிர்ச் செல்கள் திரும்ப முளைக்காதா என்று கேட்கலாம். நமக்கு முளைக்காது, கோழிக்கு முளைக்கும். உரத்த ஒலியால் செத்த மயிர்ச் செல்கள் மறுபடி உருவாவதை 1988இல் கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் கண்டறிந்தார்கள். நாமக்கல் பண்ணைகளில் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு கோழிக்கும் இருக்கும் இந்தத் திறன், பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுகிறவருக்கு இல்லை. மனிதக் காதில் அதைத் தூண்டுவதாகப் பெரும் எதிர்பார்ப்போடு வந்த எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து அமெரிக்காவில் நடந்த சோதனையில் தோற்றுவிட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. காதைப் புதுப்பிக்கும் சொட்டு மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வாங்கும் வழிக்கு வருவோம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். குறும்பி அடைப்பாக இருக்கலாம். சீழ் வடிகிற காது என்றால் சிகிச்சை வேறு. திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனால் அன்றே ஓட வேண்டும். அடுத்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்ட். இரு காதும் மந்தமென்றால் இரண்டுக்கும் கருவி போடுவதே நல்லது. எந்தப் பக்கமிருந்து பேச்சு வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். காதுக்குள் மறையும் சிறிய மாடலை வெட்கத்துக்காகத் தேடாதீர்கள். தறி ஓட்டிய விரல்களுக்கு அந்தப் பொடி பேட்டரியை மாற்றுவது சிரமம். காதுக்குப் பின்னால் மாட்டும் வகையைத் துடைப்பதும் கையாள்வதும் எளிது. சேலத்து வெயிலில் வியர்வை இறங்கும். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். இரைச்சலில் உதவுவது பெரும்பாலும் முன்பக்க ஒலியை மட்டும் கூர்ந்து பிடிக்கும் இரட்டை மைக்தான். எந்தப் புத்திசாலிக் கருவியும் சந்தைக் கூட்டத்தில் இளமைக் காதைத் திருப்பித் தந்துவிடாது.

பணம் கட்டுமுன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். திரும்ப வந்து ட்யூனிங்கைத் திருத்தும் வசதி விலையில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. விலை கட்டுப்படியாகாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மத்திய அரசின் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கருவிகளும் முகாம்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசக் கருவியையும் ஆடியோகிராமுக்கு ஏற்பச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

இன்றும் தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது போதாது. மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கேட்டு வாங்கி, விரலால் உருட்டி உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்திருங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் போடுங்கள்.