பாட்டி சைக்கிளில் ஆம்ஸ்டர்டாம்

ஹாலந்து தேசத்தின் ஜனத்தொகை சுமார் 1.8 கோடி. அங்கே உள்ள சைக்கிள்களோ 2 கோடிக்கும் மேல்! தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் இன்னும் பல லட்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் இரண்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம், என் மன்னியும் நானும்.

மன்னிக்கு வயது ஐம்பத்திரண்டு. புடவையைத் தவிர வேறு உடை உடுத்தி அறியாதவள். காலேஜில் படித்தபோது சைக்கிள் மிதித்ததோடு சரி. "இந்த வயதில் எனக்கு எதற்கடி இதெல்லாம்? நீ போய்விட்டு வா. நான் படகில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துக் கொள்கிறேன்" என்றாள். ஆனால் கடைக்காரர் கொண்டுவந்து நிறுத்திய வண்டியைப் பார்த்ததும் அவளுடைய பேச்சே மாறிவிட்டது.

டச்சுக்காரர்கள் அந்த வண்டியை 'ஓமாஃபீட்ஸ்' என்கிறார்கள். ஓமா என்றால் பாட்டி. ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். பாட்டி சைக்கிள்! கறுப்பு வண்ணம், குறுக்குக் கம்பி கிடையாது, முதுகை வளைக்காமல் நிமிர்ந்து உட்காரலாம். சங்கிலிக்கு முழு மூடி. பின் சக்கரத்தின் இரு பக்கமும் துணி சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு. அந்த ஊர்ப் பெண்மணிகளின் நீண்ட பாவாடைக்காக ஏற்பட்டது. நம் ஊர் ஸ்கூட்டர்களில் புடவைக்காகக் கம்பி வைக்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். மன்னி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக் கொண்டாள். அப்புறம் படகுப் பேச்சே எழவில்லை.

வாடகை நாளுக்குப் பத்துப் பதினைந்து யூரோ. திருட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். கொஞ்சம் கூடுதலானாலும் கொடுத்துவிடுவது நல்லது. பூட்டு இரண்டு: ஒன்று சக்கரத்திலேயே இருக்கும், இன்னொன்று கனத்த சங்கிலி. அந்தச் சங்கிலியை ஏதாவது ஒரு கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பல வண்டிகளில் கைப்பிடியில் பிரேக்கே இராது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால்தான் நிற்கும். நம்மவர்களுக்கு இது புதிது. ஆகையால் சந்தடி இல்லாத சந்து ஒன்றில் பத்து நிமிஷம் பழகிக் கொண்டோம்.

சாலை விதிகள் அதிகம் இல்லை. வலப் பக்கமாகவே போக வேண்டும். செம்மண் நிறத்தில் இருப்பது சைக்கிள் பாதை. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருந்து, அவற்றின் நுனி நம்மைப் பார்த்திருந்தால், நாம் நின்று மற்றவர்களுக்கு வழி விட வேண்டும். டிராம் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்ந்து போனால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக் கொள்ளும். ஓட்டிக்கொண்டே கையில் டெலிபோனைப் பிடித்திருப்பது 2019 முதல் குற்றம். படம் எடுக்க வேண்டுமானால் ஓரமாக இறங்கித்தான் எடுக்க வேண்டும். நடுப்பாதையில் நின்றால் பின்னால் பத்து மணிகள் ஒரே சமயத்தில் ஒலிக்கும்!

1613-ல் வெட்டத் தொடங்கிய மூன்று பெரிய கால்வாய்கள் ஊரின் நடுப்பாகத்தை அரைவட்டமாகச் சுற்றுகின்றன: கனவான்கள் கால்வாய், சக்கரவர்த்தி கால்வாய், இளவரசர் கால்வாய். கரையோரம் மரங்கள், ஒடுங்கிய, உயரமான வீடுகள். பாலங்களின் மேல் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். இந்தக் கால்வாய்களிலிருந்து ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இரும்புக் கொக்கி வைத்த படகுகள் வாரி எடுக்கின்றனவாம்!

இளவரசர் கால்வாய்க் கரையில் 263-ஆம் எண் வீட்டு வாசலில் இறங்கினோம். ஆன் ஃபிராங்க் என்ற பதின்மூன்று வயது யூதப் பெண் ஒளிந்திருந்து டைரி எழுதிய வீடு அது. உள்ளே போக டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

சைக்கிளில் வந்து அங்கே நிற்பவர்களுக்கு மனசை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1942 ஜூனில் யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஜெர்மானியர் உத்தரவு போட்டார்கள். டிராமிலும் ஏறக்கூடாது. ஜூலை 5-ஆம் தேதி ஆனின் அக்காள் மார்கொட்டுக்கு ஜெர்மனியில் வேலைக்கு வர வேண்டும் என்று ஓலை வந்தது. அவளுக்கு வயது பதினாறு. மறுநாள் காலை மார்கொட், ஒப்படைக்காமல் வைத்திருந்த சைக்கிளில் ஏறி, தகப்பனாரின் ஆபீஸில் வேலை செய்த மீப் கீஸ் என்ற பெண்மணியோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆனும் பெற்றோரும் துணிமேல் துணியாக உடுத்திக்கொண்டு, கொட்டும் மழையில், சுமார் நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். அங்கே ஒளிந்திருந்த எட்டுப் பேரும் 1944 ஆகஸ்ட் 4-ல் பிடிபட்டார்கள். திரும்பி வந்தவர் தகப்பனார் ஒருவரே. மன்னி அந்தக் கரையில் வெகு நேரம் பேசாமல் நின்றாள்.

அங்கிருந்து தெற்கே மிதித்தால் ரைக்ஸ் மியூசியம். ரெம்பிராண்டின் புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கும் இடம். ஆனால் எங்களைத் திகைக்க வைத்தது வாசல்தான். 1885-ல் திறந்த அந்த மாளிகையின் அடியில் நட்ட நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது! பெரிய வளைவுகளுக்குக் கீழே ஜனங்கள் சாவதானமாகச் சைக்கிளில் போகிறார்கள். 2003-ல் பழுதுபார்ப்பதற்காக மியூசியத்தை மூடியபோது, இந்தப் பாதையைக் குறுக்கி நுழைவாயில் அமைக்கலாம் என்று ஸ்பெயின் தேசத்துச் சிற்பிகள் திட்டம் போட்டார்கள். சைக்கிள்காரர்கள் விடுவார்களா? வருஷக் கணக்கில் வழக்காடி, 2013-ல் பாதையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள்.

அந்த வளைவுக்குள் எங்களை முந்திக்கொண்டு ஒரு தாய் போனாள். சைக்கிளின் முன்னால் மரப்பெட்டி. அதில் இரண்டு குழந்தைகள். அவர்களுக்கு நடுவே ரொட்டியும் காய்கறியும். இப்படிப் பயமின்றிப் போவது இந்த ஊரின் பிறவிக் குணம் என்றுதான் தோன்றும். அது அப்படி அல்ல.

யுத்தத்துக்குப் பின் ஹாலந்திலும் மோட்டார் மோகம் பிடித்தது. 1954-ல் ஆம்ஸ்டர்டாமின் போலீஸ் தலைவரே கால்வாய்களைத் தூர்த்து ரோடு போடலாம் என்று யோசனை சொன்னார்! 1971-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தச் சின்னஞ்சிறு தேசத்தில் சாலை விபத்துக்களில் 3,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் 400-க்கு மேல். விபத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-ல் மனம் வெதும்பி ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது அதன் தலைப்பு. அதையே பெயராக வைத்துக்கொண்டு ஓர் இயக்கம் கிளம்பியது. முதல் தலைவி மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய். இந்த இயக்கத்தார் விபத்து நடந்த இடங்களில் போய் உட்கார்ந்தார்கள். தெருவை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். நடுத் தெருவில் மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள். பிரதம மந்திரி டென் ஓய்ல் வீட்டுக்குச் சைக்கிளில் போய்ப் பாட்டுப் பாடியே கோரிக்கை வைத்தார்கள். 1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, காரில்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை ஊரே கண்டது. இன்றைய செந்நிறப் பாதைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு உண்டானவை.

சாயங்காலம் ரயில் நிலையத்தின் பின்புறம் படகுத்துறைக்கு வந்தோம். ஆற்றைக் கடக்கும் படகுக்குக் கட்டணம் கிடையாது, சைக்கிளுக்கும் இல்லை. வடகரையில் இறங்கிக் கிழக்கே அரைமணி மிதித்தால் டர்கர்டாம் என்ற குக்கிராமம். ஏரிக்கரை மேல் மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எதிரே தண்ணீர், பின்னால் பசும்புல். மேல்காற்று வீசும் நாளானால் போகும்போது தள்ளிவிடும்; வரும்போது மல்லுக்கு நிற்கும். வாடகைக் கடை மூடும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, திரும்புவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவே ஒதுக்கிக் கொள்ளுங்கள்.