நிச்சயம் நின்றுபோன வீட்டில்



மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்த பிறகு ஒரு சம்பந்தம் நின்றுபோகிறது. மண்டப முன்பணம் திரும்புமா, ஊர் என்ன பேசும் என்பதிலேயே பெரியவர்களின் கவலையெல்லாம் போய்விடும். ஆறு மாதமாகப் போனில் பேசிப் பழகிய பிள்ளையின் மனதை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரை விரும்பி, அது முறிந்துபோன பிள்ளைக்கோ அழக்கூட இடமில்லை. அந்தப் பழக்கம் மார்க்கத்தில் சரியா என்பது வேறு பேச்சு. அதை அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் அன்றைக்கே தொடங்க வேண்டாம்.

முகீஸ் (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் இருக்கிறது. அவரும் மனைவி பரீரா (ரலி) அவர்களும் அடிமைகள். பரீராவை ஆயிஷா (ரலி) அவர்கள் விடுதலை செய்தபோது, கணவரோடு தொடர்வதா பிரிவதா என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்துவிட்டார். முகீஸோ தாடி நனைய அழுதபடி மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே நடந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு இரங்கி, திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஆண் மகன் அழுததை நபியவர்கள் கேலி செய்யவில்லை. பெண் மறுத்ததைக் குற்றமாக்கவும் இல்லை. நம் வீடுகளில் இரண்டுமே நடக்கிறது. ஆனால் மறுத்த பிறகும் பின்தொடர்வதும், போனில் விடாமல் தொல்லை தருவதும் இன்றைய சட்டப்படி குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பழைய படங்களைக் காட்டி மிரட்டினால் மறைக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

பெண் வீட்டாரை அதிகம் வதைப்பது "ராசியில்லாதவள்" என்ற பேச்சு. நபியவர்களின் புதல்வியர் ருகையா (ரலி), உம்மு குல்ஸூம் (ரலி) இருவருக்கும் அபூலஹபின் மகன்களோடு செய்த சம்பந்தம், சேர்ந்து வாழும் முன்பே அவனுடைய பகையால் முறிக்கப்பட்டது. பின்னர் ருகையாவை உஸ்மான் (ரலி) அவர்கள் மணந்தார்கள். ஹிஜ்ரி 2இல் அவர் வஃபாத்தான பின், 3ஆம் ஆண்டில் உம்மு குல்ஸூமை மணந்தவரும் உஸ்மான்தான். ராசி பேசுகிறவர்கள் இந்த வீட்டையும் சேர்த்துத்தானே பேசுகிறார்கள்?

நிச்சயம் என்பது வாக்குறுதி, நிகாஹ் அல்ல. முன்கூட்டி வாங்கிய மஹர் இருந்தால் திருப்பித் தர வேண்டும். அன்பளிப்புகளில் மத்ஹபுக்கு மத்ஹபு சட்டம் சற்று மாறும் என்பதால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாமான்களைத் திருப்பும் வேலையைப் பெரியவர்கள் இருவர் முடித்துவிடட்டும். அதற்காக அந்தப் பிள்ளைகள் மறுபடி பேச வேண்டிய நிலை வேண்டாம். ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்கு "ஒத்துவரவில்லை" என்ற ஒரு சொல் போதும். மேலே சொன்னால் புறம்தான் வளரும்.

பிள்ளை முதல் சில வாரங்கள் சரியாகச் சாப்பிடாது, தூங்காது. எண்ணையும் படங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தால் புண் ஆறாது. அவற்றை அழிக்கச் சொல்லி அதட்டாமல், பிள்ளையே அழிக்கும்போது கூட உட்காருங்கள். கல்வராயன் மலைப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிற மாமா இருந்தால், பையனை வெள்ளிமலை வரை கூட்டிப்போகச் சொல்லுங்கள். வேலையும் நடையும் பேச்சைவிட உதவும். "மறந்துவிடு" என்று அடுத்த மாதமே வேறு இடம் பேசி முடிப்பது, வருகிற பெண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் அதை நாடகம் என்று தள்ளாதீர்கள். வயலுக்கு வாங்கிய மருந்துகளைப் பூட்டி வையுங்கள், தனியே விடாதீர்கள். டெலிமானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். எதையாவது குடித்துவிட்டதாகத் தெரிந்தால், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில நஞ்சுகள் இரண்டு நாள் கழித்தே ஈரலைத் தாக்கும்.