உங்களுக்குத் தெரியுமா? கண் சொன்னதா, கூட்டம் சொன்னதா?

1951-இல் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12-இல் அவர்கள் ஒரே குரலில் தவறான விடை சொன்னார்கள்.

தனியாகக் கேட்டால் நூற்றில் ஒரு விடைகூடத் தவறாத அந்தச் சோதனையில், கூட்டத்தின் நடுவே மூன்றில் ஒன்று தவறியது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள்.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் இரண்டு விடைகள் சரியானவை. கால்வாசிப் பேர் கடைசிவரை அசையவே இல்லை! சரியான விடை சொல்ல ஒரே ஒரு துணை இருந்தாலே ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. ஆஷ் சோதித்தது ஆண் கல்லூரி மாணவர்களை மட்டும்தான். பிரிட்டனில் 1980-இல் பெரினும் ஸ்பென்சரும் பொறியியல், கணிதம், வேதியியல் மாணவர்களிடம் இதையே செய்து பார்த்தபோது, 396 வாய்ப்புகளில் ஒரே ஒருமுறைதான் ஒருவர் கூட்டத்துக்குப் பணிந்தார்.

1996-இல் ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் 17 நாடுகளில் இதேபோல் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்தனர். தனிமனிதரைவிடக் குழுவை முன்னிறுத்தும் சமூகங்களில் கூட்டத்தோடு ஒத்துப்போகும் போக்கு அதிகம். அமெரிக்காவிலோ 1950-களிலிருந்து அது குறைந்துகொண்டே வந்திருக்கிறது.