படுத்துப் போக ஓர் இடம்

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி எழும் கட்டடங்களிலும், மாதவரத்திலிருந்து அங்கே வந்து முடியப்போகும் மெட்ரோ பாதையிலும் வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் ஒடிசா, மேற்கு வங்கம், பீகார், அசாம் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சிறுசேரியில் ரயில் நிலையம் இல்லை. ஊருக்குப் போக வேண்டுமானால் பேருந்து பிடித்துத் தாம்பரத்துக்கோ சென்ட்ரலுக்கோ போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஓர் இரவோ, இரண்டு மூன்று இரவுகளோ ரயில் பயணம். கணினிக்கு முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் மதுரையும் நெல்லையும் நாகர்கோவிலும் செங்கல்பட்டு வழியாகப் போகும் இரவு ரயில்களின் தொலைவில்தான் இருக்கின்றன. இந்த இரு தரப்பாரையும் இத்தனை காலம் சுமந்துவந்தது ஏ.சி. இல்லாத ஸ்லீப்பர் பெட்டி. நவீனமயம் என்ற பெயரில் அதைக் குறைத்தால், அந்தச் செலவு தாங்க முடியாதவர் தலையில்தான் விடியும்.

கட்டணம் குறைவாக இருந்தாலும் பயணி படுத்துப் போகலாம் என்பது தானாக வந்த வசதி அன்று. 1974 வரை நம் ரயில்களில் மூன்றாம் வகுப்பு இருந்தது. அது ஒழிக்கப்பட்ட பிறகும் இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகைதான். 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, அந்தப் பலகைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை போடச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் மும்பைக்கும் ஹவுராவுக்கும் இடையே வகுப்பு வேறுபாடு இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. சாதாரணப் பயணியின் முதுகுக்கும் ஓய்வு வேண்டும் என்று அரசு எடுத்த முடிவு அது. முடிவெடுத்துக் கொடுத்த ஒன்றை, யாரும் கவனிக்காதபோது இன்னொரு முடிவால் எடுத்துவிடவும் முடியும்.

எப்படி என்று கணக்குப் பார்க்கலாம். இப்போதைய எல்.எச்.பி. வகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கைகள். ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டியில் 72. எகானமி வகையில் 80க்கும் சற்று மேலாக அமைத்தார்கள். ஒரு ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஏ.சி. பெட்டியைக் கோத்தால் படுக்கை எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் நெடுந்தூரத்தில் ஏ.சி. மூன்றடுக்கின் கட்டணம் ஸ்லீப்பரைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கொடுக்க முடிந்தவர் ஏ.சி.க்குப் போவார், முடியாதவருக்கு மிச்சம் இருப்பது முன்பதிவில்லாப் பெட்டி. காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்ற விதி இப்போது கண்டிப்பாக அமலாகிறது. ஆகவே, ஓரமாக நின்றாவது போய்விடலாம் என்ற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. சென்ட்ரலிலிருந்து வங்கத்துக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் சுமார் 1,660 கிலோமீட்டர்; ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் மூன்று நாட்களாக ஓடுகிறது. இத்தனை தூரத்தை நெரிசலில் உட்கார்ந்தும் நின்றும் கடந்தவர், இறங்கிய மறுநாளே சாரத்தில் ஏற வேண்டும்.

ஏ.சி.யைத்தான் மக்கள் கேட்கிறார்கள், அதனால் பெட்டிகள் மாறுகின்றன என்பது முதல் மறுப்பு. வருமானம் உயர உயர ஏ.சி.யை நாடுவோர் பெருகுகிறார்கள் என்பது உண்மை. வெயில் ஏறிக்கொண்டே போகும் நாட்டில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஸ்லீப்பர் டிக்கெட் கிடைக்காமல் ஏ.சி.க்குப் போனவரையும் விரும்பிப் போனவரையும் விற்பனைக் கணக்கு பிரித்துக் காட்டாது. பண்டிகைக் காலத்தில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்லீப்பரும் தீர்ந்துவிடுகிறதே, தேவை இல்லாத பொருளா அப்படித் தீரும்? ஏ.சி. பெட்டி வேண்டுமானால் ரயிலின் நீளத்தைக் கூட்டியோ புதிய ரயில் விட்டோ சேர்க்கட்டும். ஸ்லீப்பரின் இடத்தைப் பிடுங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: பயணிகள் ரயிலால் நஷ்டம். ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதச் சலுகை தருவதாக 2024இல் ரயில்வேயே சொன்னது. சரக்குக் கட்டணத்தில் வரும் உபரிதான் அதை ஈடுகட்டுகிறது. ஆனால் அந்தச் சலுகை பயணியின் கையோடு நின்றுவிடுவதில்லை. ஆள் குறைந்த கட்டணத்தில் வந்து சேர்வதால்தான் சிறுசேரியில் கட்டடம் குறித்த காலத்தில் எழுகிறது, ஒடிசாவின் கிராமத்துக்கு மாதாமாதம் பணம் போகிறது. ஒவ்வொரு சாலையும் தன் செலவைத் தானே ஈட்டித் தர வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. தொழிலாளர் வந்துபோகும் பாதையிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

விமானக் கட்டணம் இறங்கிவிட்டதே என்பார் சிலர். முன்கூட்டியே திட்டமிடுகிறவருக்கு அது பொருந்தும். வீட்டில் சாவு என்று செய்தி வந்து அன்றே கிளம்புகிறவருக்கு விமானக் கட்டணம் எட்டாது. விமானம் புவனேஸ்வரத்தில் விட்டுவிடும். ரயிலோ பிரம்மபூர், குர்தா ரோடு, கட்டாக், பத்ரக், பாலேஸ்வர் என்று நின்று நின்று, அவரவர் ஊருக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஐரோப்பாவிலும் விமானம் வந்ததும் இரவு ரயிலுக்கு வேலை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களை நிறுத்தியது. அவற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட ஆஸ்திரிய ரயில்வே ‘நைட்ஜெட்’ என்ற பெயரில் இன்றும் நடத்துகிறது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை கட்டிய, ஏ.சி. இல்லாத அம்ரித் பாரத் ரயில்கள் 2023 டிசம்பர் முதல் ஓடுகின்றன. 22 பெட்டி கொண்ட ரயிலில் பொதுப்பெட்டியும் ஸ்லீப்பருமாக 12, ஏ.சி. 8 என்பதே கொள்கை என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் ஸ்லீப்பர் எத்தனை என்பதுதான் கேள்வி. பொதுப்பெட்டியைக் கூட்டி ஸ்லீப்பரைக் குறைத்தாலும் கொள்கைக் கணக்கு சரியாகவே இருக்கும். பயணிக்குத்தான் படுக்க இடம் இருக்காது. ஓர் இரவுக்கு மேல் ஓடும் ஒவ்வொரு ரயிலுக்கும் குறைந்தபட்ச ஸ்லீப்பர் எண்ணிக்கையை விதியாக்கி, பெட்டி அமைப்பை மாற்றும் முன் பொதுவில் அறிவிக்க வேண்டும். செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.